கச்சேரி நடக்கும் பப்புக்குப் பக்கத்தில் அடுக்குமாடி வீடு வாங்கலாமா? (மெல்பர்ன், காலிங்வுட்)

ரம்யா_காலிங்வுட்:

வணக்கம். நானும் கணவரும் மெல்பர்ன் வந்ததிலிருந்து காலிங்வுட் பக்கம் வாடகைக்குத்தான் இருக்கிறோம். இப்போது சொந்தமாக வீடு பார்க்கிறோம். ஜான்ஸ்டன் ஸ்ட்ரீட்டை ஒட்டிய ஒரு தெருவில் பத்து மாடிக்கு மேல் ஒரு கட்டடம் வரப்போகிறது. இரண்டு படுக்கையறை, பிளானைப் பார்த்தே புக் பண்ண வேண்டும். விலை எங்கள் கைக்கு எட்டுகிறது. 86-ஆம் நம்பர் டிராம் நடக்கிற தூரத்தில் இருக்கிறது.

சிக்கல் என்னவென்றால், அந்த மனைக்கும் ஒரு பழைய பப்புக்கும் நடுவில் ஒரு சந்துதான் இருக்கிறது. வாரத்தில் பல நாள் அங்கே பாண்ட் வாசிக்கிறார்கள். நான் அங்கே அடிக்கடி போகிறவள். சென்னையில் இருந்தவரை மேடைக்கு இவ்வளவு கிட்டே நின்று எதையும் கேட்டதில்லை. இங்கே ஒரு சினிமா டிக்கெட்டை விடக் குறைவாகக் கொடுத்துவிட்டு, பாடுகிறவரின் கழுத்து நரம்பு தெரிகிற தூரத்தில் நிற்கலாம். கச்சேரி முடிந்ததும் அதே ஆட்கள் ஆம்ப்ளிஃபையரையும் டிரம் பெட்டிகளையும் தாங்களே தூக்கிக்கொண்டு அந்தச் சந்து வழியாக வண்டிக்குப் போவார்கள். எங்களுக்குக் காட்டிய வீட்டின் படுக்கையறை ஜன்னல் அந்தச் சந்தைப் பார்த்துத்தான் இருக்கிறது.

விற்பனை ஏஜென்டிடம் சத்தத்தைப் பற்றிக் கேட்டேன். “அந்தப் பப் இன்னும் எத்தனை நாளைக்கு ஓடப்போகிறது? எல்லாரும் குடிவந்த பிறகு சேர்ந்து கவுன்சிலுக்கு எழுதினால் தானாக அடங்கிவிடும்” என்று ஆறுதலாகச் சொன்னார். அதைக் கேட்டுத்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அந்த இடம் இருப்பதால்தான் இந்தப் பேட்டையிலேயே வாங்க வேண்டும் என்று நினைக்கிறோம்.

இந்த மாதிரி இடங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு ஏதாவது உண்டா? ராத்திரி தூங்க முடியுமா? நாங்கள் அங்கே வீடு வாங்குவதே அந்தப் பப்புக்கு உலை வைக்கிற காரியமாகிவிடுமா? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஒலியளவி:

ரம்யா, கட்டட ஒலியியல் என் தொழில், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அந்த ஏஜென்ட் சொன்னதை முதலில் ஒதுக்கி வையுங்கள். விக்டோரியாவில் 2014 செப்டம்பரிலிருந்து நிலைமை வேறு. அதற்கு முன், ஒரு பப் நூறு வருடமாக அதே மூலையில் இருந்தாலும் சரி, நேற்றுக் குடிவந்தவர் புகார் கொடுத்தால் சத்தத்தைக் குறைக்கும் செலவு பப்பின் தலையில்தான் விழும். மாநிலத் திட்டமிடல் விதிகளில் ஒரு பிரிவைச் சேர்த்து அரசு அதைத் திருப்பிப் போட்டது. ஏஜென்ட் ஆஃப் சேஞ்ச் (மாற்றத்தைக் கொண்டுவருகிறவர்) விதி என்பார்கள். கச்சேரி நடக்கும் இடத்திலிருந்து 50 மீட்டருக்குள் யாராவது குடியிருப்பு கட்ட வந்தால், வீட்டுக்குள் வரும் இசைச் சத்தம் அனுமதித்த அளவைத் தாண்டாதபடி சுவரையும் ஜன்னலையும் அமைப்பது கட்டுகிறவரின் கடமை. வீடுகள் ஏற்கெனவே இருக்கும் தெருவில் புதிதாக ஒருவர் மேடை போட்டால் அந்தச் செலவு அவருடையது. பின்னால் வந்தவர்தான் பொறுப்பு, அவ்வளவுதான்.

இந்த விதி வருவதற்குச் சற்று முன்னால் என்ன நிலைமை என்பதற்கு செர்ரி பார் ஒரு உதாரணம். நகர மையத்தில், ஏசி/டிசி லேனில் இருந்த இடம். 2014-இல் பக்கத்தில் அடுக்குமாடி எழும்பியபோது, தன் கட்டடத்துக்கு ஒலித்தடுப்பு போட ரசிகர்களிடம் பணம் திரட்ட வேண்டியதாயிற்று. முதலில் இருந்தவர் கையேந்தி நின்றார். 2019-இல் அது லிட்டில் காலின்ஸ் ஸ்ட்ரீட்டுக்கு இடம் மாறிவிட்டது.

இப்போது உங்கள் தூக்கத்துக்கு வருகிறேன். விதியில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. சத்தம் அளவுக்குள் இருக்கிறதா என்பதை அறைக்குள்ளே, கதவு ஜன்னல் எல்லாம் மூடிய நிலையில் அளந்து பார்க்கலாம். அதாவது ஜன்னலைத் திறந்தால் உங்களுக்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. ஜனவரியில் ராத்திரிகூட வெக்கை அடிக்கிற ஊர் இது. ஆகவே ஜன்னலை மூடிக்கொண்டே புதுக் காற்று வர தனி ஏற்பாடு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். ஏசி போட்டிருக்கிறோம் என்பார்கள். சுவரில் மாட்டும் ஏசி அறைக்குள் இருக்கும் காற்றையே சுற்றிவிடும்; அது பதில் இல்லை.

அடுத்தது பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி. வேலை விஷயமாக இப்படி ஒரு வீட்டுக்கு ராத்திரி மீட்டரோடு போயிருந்தேன். கிட்டார் கேட்கவில்லை, குரல் கேட்கவில்லை. ஆனால் கிக் டிரம் விழும்போதெல்லாம் படுக்கையறை அலமாரியின் கண்ணாடிக் கதவு மட்டும் அதன் தடத்திலேயே கிடுகிடுத்தது. அந்த வீட்டு அம்மா அட்டையை மடித்துக் கதவிடுக்கில் செருகி வைத்திருந்தார். மொத்த டெசிபெல் கணக்கில் பார்த்தால் அந்த அறையில் எந்தக் குறையும் இல்லை. தாழ்ந்த ஒலிகள் வரும் 63 ஹெர்ட்ஸ் பட்டையைத் தனியாகப் பார்த்த பிறகுதான் அவர் ஏன் தூங்கவில்லை என்று புரிந்தது. வழக்கமான டெசிபெல் கணக்கு, நம் காதின் இயல்பைக் காரணம் காட்டி, 63 ஹெர்ட்ஸில் சுமார் 26 டெசிபெலைக் கழித்துவிடும். அதனால்தான் இங்கே இரவு நேர அளவுகோல் அலைவரிசை வாரியாகப் பார்க்கிறது. 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் கிட்டத்தட்ட 7 மீட்டர், உங்கள் படுக்கையறையை விட நீளம். சாதாரண டபுள் கிளேசிங்கில் இரண்டு கண்ணாடிக்கும் நடுவே ஒரு சென்டிமீட்டர் சொச்சம்தான் இடைவெளி. அது குளிருக்கு நல்லது, பேஸுக்கு ஒன்றும் செய்யாது. கனமான லாமினேட்டட் கண்ணாடி, நடுவில் 100 மில்லிமீட்டர் அளவுக்கு இடைவெளி என்று போனால்தான் வித்தியாசம் தெரியும்.

அந்தக் கட்டடத்துக்கு ஒலியியல் அறிக்கை ஒன்று கட்டாயம் இருக்கும். கேட்டு வாங்குங்கள். அளந்த நாள் என்ன கிழமை என்று பாருங்கள். செவ்வாய்க்கிழமை மத்தியானம் அளந்திருந்தால் அந்தத் தாளுக்கு மதிப்பு இல்லை. பாண்ட் வாசித்த ராத்திரியில் அளந்தார்களா, 63, 125 ஹெர்ட்ஸ் எண்கள் தனியாக இருக்கின்றனவா என்பதுதான் முக்கியம்.

இப்படிச் சரியாகக் கட்டிய வீட்டில் நீங்கள் தாராளமாகக் குடியிருக்கலாம். பப்புக்கும் கெடுதல் இல்லை.

மெல்பேர்ண்_சிவம்:

தங்கச்சி, ஒலியளவி தம்பி சொன்னதெல்லாம் சரி. ஆனால் கதை அங்கே முடியவில்லை. நான் தொண்ணூறுகளில் இருந்து இந்த ஊரில் இருக்கிறேன். மகன் டிரம்ஸ் வாசிக்கிறவன். அவனை ஏற்றி இறக்கியே இங்குள்ள பப்புகளின் பின்கதவுகள் எல்லாம் எனக்குப் பாடம்.

நான் பார்த்த அளவில், பக்கத்து வீட்டுக்காரரின் முறைப்பாட்டால் மூடிய இடங்களை விட வேறு காரணங்களால் மூடிய இடங்கள்தான் கூட. உங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் த டோட் என்ற பப்பை எடுங்கள். 2010 ஜனவரியில் அது மூடியதற்கு அயலவர் காரணம் இல்லை. நேரடி இசை நடக்கும் இடம் என்றாலே ஆபத்து கூடிய இடம் என்று மதுபான உரிமம் வழங்கும் அதிகாரிகள் முத்திரை குத்தி, காவலாட்கள் வேண்டும், கமெரா வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். சின்னப் பப் ஒன்று அந்தச் செலவைத் தாங்குமா? கடைசி நாள் வீதியெல்லாம் சனம். அடுத்த மாதம், பெப்ரவரி 23, ஆயிரக்கணக்கான ஆட்கள் நாடாளுமன்றப் படிகள் வரை ஊர்வலமாகப் போனோம். 1976-இல் ஏசி/டிசி என்ற ரொக் குழு லொறித் தட்டில் நின்று சுவான்ஸ்டன் ஸ்ட்ரீட்டால் வாசித்துக்கொண்டு போன அதே திகதி, வேண்டுமென்றே தெரிந்தெடுத்தது. தலைநரைத்தவர்களும் தோளில் பிள்ளையோடு வந்தவர்களும் இருந்தார்கள். அரசாங்கம் இறங்கிவந்தது. அந்த வருடமே டோட் திரும்பவும் திறந்தது.

பிறகு பேர்க் ஸ்ட்ரீட் மேல்முனையில் இருந்த பலஸ் தியேட்டர். அதை வாங்கியவர்கள் அந்த இடத்தில் ஹொட்டேல் கோபுரம் எழுப்ப வந்தார்கள். 2014-இல் மூடினார்கள். ஆட்கள் மறியல் செய்தார்கள், மனுக் கொடுத்தார்கள், ஒன்றும் பலிக்கவில்லை. உள்ளே இருந்த சோடனை வேலைகளை உடைத்தார்கள், பிறகு கட்டடத்தையே உடைத்தார்கள். இப்போது போய்ப் பாருங்கள், முகப்புச் சுவர் மட்டும் பழையது, பின்னால் ஹொட்டேல். மரபுரிமைச் சட்டம் சுவரைக் காப்பாற்றும். உள்ளே என்ன நடக்க வேண்டும் என்று அது சொல்லாது. இசை நடந்த இடத்தில் நாளைக்குச் சப்பாத்துக் கடை வைத்தாலும் அந்தச் சட்டத்துக்குப் பிரச்சினை இல்லை.

நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: அந்தப் பப் கட்டடம் யாருடையது? நடத்துகிறவருடையதா, வேறு ஆளுடையதா? குத்தகை எப்போது முடிகிறது? நீங்கள் வாங்கப்போவது மாதிரி ஒரு தொடர்மாடி பக்கத்தில் எழும்பினால் அந்த மூலை நிலத்தின் விலை எங்கேயோ போய்விடும். நிலவரி கூடும், வாடகை கூடும். யாரும் ஒரு முறைப்பாடும் கொடுக்காமலே மேடை போய்விடும். ஏஜென்ட் ஆஃப் சேஞ்ச் விதி அயலவரிடமிருந்து காப்பாற்றும். காணிச் சொந்தக்காரரிடமிருந்து காப்பாற்றாது.

நைட்_ஷிப்ட்:

நான் நர்ஸ். நகர மையத்தில், கீழே பார் இருக்கும் ஒரு அடுக்குமாடியில் வாடகைக்கு இருக்கிறேன். குடியிருப்பவர்கள் பக்கமும் கொஞ்சம் பேச வேண்டும் என்று எழுதுகிறேன்.

இந்த மாதிரி விவாதங்களில் மாடி வீட்டுக்காரர் என்றாலே இசைக்கு எதிரி என்று ஆகிவிடுகிறது. எனக்கு பாண்ட் சத்தத்தால் ஒரு நாளும் தூக்கம் கெட்டதில்லை. என்னைக் கொன்றது பாட்டில். கடை மூடிய பிறகு அதிகாலையில், அன்று காலியான பாட்டில்கள் அத்தனையையும் சக்கரத் தொட்டியில் ஒரே மூச்சில் கொட்டுவார்கள். டியூட்டி முடித்து வந்து கண்ணயரும் நேரம் அது. அடுத்தது, வெளியே வந்து டாக்ஸிக்கு நிற்பவர்களின் கூச்சல். மேலே சொன்ன விதி இசைச் சத்தத்துக்குத்தான். இந்த இரண்டும் அதில் வராது.

நான் கவுன்சிலுக்கு எழுதவில்லை. சாயங்காலம் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து கீழே போய் மேனேஜரிடம் சொன்னேன். ராத்திரி தொட்டியை உள்ளேயே வைத்துவிட்டு, விடிந்த பிறகு கொட்ட ஏற்பாடு செய்தார். அந்த ஆளுக்கு இப்படி ஒரு தொந்தரவு இருப்பதே தெரியாது. அதனால் ரம்யா, குடிபோன முதல் வாரமே போய்ப் பேசி வையுங்கள். முகம் தெரிந்தவர்களுக்குள் பாதிப் பிரச்சினை புகாராக மாறவே மாறாது.

இன்னொன்று. வீடு கிடைக்காமல் எத்தனை பேர் திண்டாடுகிறார்கள் என்று நமக்குத் தெரியும். வாடகை வீடு பார்க்கப் போனால் வாசலில் வரிசை நிற்கிறது. டிராம் ஓடுகிற இடத்தில் மாடி கட்டாமல் வேறு எங்கே கட்டுவது? கட்டடமே வேண்டாம் என்று போராடுகிறவர்களோடு நான் சேர மாட்டேன். அந்தப் பப்பில் வாசிக்கிற பிள்ளைகளுக்கும் இருக்க வீடு வேண்டும். இப்போதே அவர்களில் பலர் ரயிலில் ஒரு மணி நேரத் தூரத்திலிருந்து கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

மெல்பேர்ண்_சிவம்:

நர்ஸ் பிள்ளை சொல்வதில் நியாயம் இருக்கிறது. மாடியே வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை.

ரம்யா_காலிங்வுட்:

எல்லாருக்கும் நன்றி. சிவம் அண்ணா கேட்ட கேள்வியை நேற்று பப்பிலேயே போய்க் கேட்டுவிட்டேன். கட்டடம் நடத்துகிறவருடையது இல்லை. குத்தகை இன்னும் சில வருடங்களில் முடிகிறது, அதற்குப் பிறகு என்ன என்று அவருக்கே தெரியவில்லை. மேடைக்குப் பின்னால் உள்ள சுவரைத் தட்டிக் காட்டினார். ஒற்றைச் செங்கல் சுவர். அதற்கு இந்தப் பக்கம் பேஸ் ஆம்ப், அந்தப் பக்கம் சந்து, அதைத் தாண்டினால் எங்கள் படுக்கையறை.

வாங்குகிறவர்கள் சத்தத்தை ஒப்புக்கொண்டு முன்கூட்டியே கையெழுத்துப் போடுகிற மாதிரி ஏதாவது வழி உண்டா? அப்புறம், குத்தகை விஷயத்தில் எங்களைப் போன்றவர்கள் செய்ய ஏதாவது இருக்கிறதா?

ஒலியளவி:

கையெழுத்து விஷயம் லண்டனில் நடந்திருக்கிறது. எலிஃபன்ட் அண்ட் காஸில் பகுதியில் மினிஸ்ட்ரி ஆஃப் சவுண்ட் என்ற பெரிய கிளப்புக்கு எதிரே 41 மாடிக் குடியிருப்பு வந்தது. நாலைந்து வருட இழுபறிக்குப் பிறகு, கிளப்பின் சத்தத்தைச் சொத்தின் மேலுள்ள ஒரு உரிமையாகவே பத்திரத்தில் எழுதிவிட்டார்கள். நம் ஊரில் பக்கத்து நிலத்துக்கு வழிப்பாதை உரிமை எழுதுவோம் இல்லையா, அந்த வகை. அங்கே வீடு வாங்குகிறவர் அந்த உரிமையோடுதான் வாங்குகிறார். பிறகு 2018-இல் இங்கிலாந்தின் தேசியத் திட்டமிடல் கொள்கையிலும் ஏஜென்ட் ஆஃப் சேஞ்ச் சேர்ந்தது. பிரிஸ்பேனில் இன்னொரு வழி: 2006-இலேயே ஃபார்டிட்யூட் வேலியைச் சிறப்புப் பொழுதுபோக்குப் பகுதியாக அறிவித்துவிட்டார்கள். அதற்குள் வீடு கட்டுகிறவர் சத்தத்தைக் கணக்கில் எடுத்துக் கட்டியாக வேண்டும்.

உங்களுக்கு இதைவிடச் சுலபமான வழி இருக்கிறது. அந்த ஒற்றைச் செங்கல் சுவரைப் பற்றி ஒலியியல் அறிக்கையில் ஒரு வரியாவது இருக்கிறதா என்று பாருங்கள். பப் பக்கத்தில் சுவருக்கு உள்புறம் இன்னொரு சட்டகச் சுவர் எழுப்புவது, மேடையை ரப்பர் மேல் நிறுத்துவது, சந்துப் பக்கக் கதவை இரட்டைக் கதவாக்குவது எல்லாம் பத்து மாடிக்குக் கனக் கண்ணாடி மாட்டுவதை விட மலிவாக முடியலாம். கட்டுகிறவர் அந்தச் செலவை ஏற்று, பப்காரரும் ஒப்புக்கொண்டால் இரண்டு பக்கமும் தப்பிக்கும். விதியே அதற்கு இடம் கொடுக்கிறது. சத்தம் எங்கே தடுக்கப்பட்டால் என்ன, வீட்டுக்குள் வராமல் இருந்தால் சரி.

மெல்பேர்ண்_சிவம்:

குத்தகைக்கும் வழி இருக்கிறது, தங்கச்சி, ஆனால் ஆட்கள் சேர வேண்டும். தொழிற்சங்கங்களின் கட்டடமான ட்ரேட்ஸ் ஹோலுக்கு முன்னால் இருக்கும் ஜோன் கேர்ட்டின் ஹொட்டேல் என்ற பப் 2022-இல் விற்பனைக்குப் போனபோது, அதை இடிக்கும் வேலைக்கு எங்கள் ஆட்கள் வரமாட்டார்கள் என்று தொழிற்சங்கங்கள் தடை போட்டன. மரபுரிமைக்கும் விண்ணப்பித்தார்கள். எல்லாம் சேர்ந்து நெருக்கியதில் வாங்கியவர் 10 வருடக் குத்தகைக்குச் சம்மதித்தார். அங்கே இன்றைக்கும் கச்சேரி நடக்கிறது.

டோட் 2023-இல் திரும்பவும் விலைக்கு வந்தது. நோர்த் மெல்பேர்ணில் லாஸ்ட் சான்ஸ் ரொக் அண்ட் ரோல் பார் நடத்திவந்தவர்கள் ரசிகர்களிடம் 30 இலட்சம் டொலர் திரட்டி மிச்சத்துக்குக் கடன் எடுத்து வாங்கினார்கள். பிற்காலத்தில் யாரும் இடித்து மாடி கட்டாதபடி கட்டடத்தை ஒரு டிரஸ்டின் கீழ் வைப்போம் என்று சொல்லித்தான் காசு கேட்டார்கள். மகனும் கொடுத்தான். அவன் கைச்செலவுக்கே தட்டுப்பாடு, இருந்தும் கொடுத்தான். அவன் முதன்முதல் மேடை ஏறிய இடம் அது. மேடை நிலைக்க வேண்டும் என்றால் நிலம் அதை நடத்துகிறவர்களின் கையில் இருக்க வேண்டும், அல்லது நீண்ட குத்தகை வேண்டும். மற்றதெல்லாம் இரண்டாம் பட்சம்.

நீங்கள் பார்த்திருக்கும் அந்தத் தொடர்மாடிக்கு எதிர்ப்புத் தெரிவித்துக் கவுன்சிலுக்கு எழுத வேண்டாம். ஆதரவு எழுதுங்கள், நிபந்தனையோடு. “நான் இங்கே வீடு வாங்க விரும்புகிறவள், பக்கத்தில் பப் இருப்பதால்தான் வாங்க விரும்புகிறேன்” என்று வருங்காலக் குடியிருப்பாளர் ஒருவர் எழுதினால் கவுன்சிலர்கள் நின்று படிப்பார்கள். அவர்கள் கைக்கு வரும் கடிதங்கள் அநேகமாக மற்றப் பக்கத்துக் கடிதங்கள்தான்.

நைட்_ஷிப்ட்:

அந்தக் கடிதத்தில் பாட்டில் தொட்டியையும் சேர்த்துவிடுங்கள். சந்துப் பக்கம் வைக்க வேண்டாம் என்று.

ரம்யா_காலிங்வுட்:

கண்டிப்பாகச் சேர்க்கிறேன். இன்று ஏஜென்டுக்கு எழுதிவிட்டேன்: ஒலியியல் அறிக்கை கைக்கு வராமல் முன்பணம் கிடையாது, சந்துப் பக்க வீடு வேண்டாம், அதே மாடியில் மறுபக்கம் இருந்தால் பேசலாம். மறுபக்க வீடு கொஞ்சம் சின்னது, விலையும் ஒன்றும் குறையவில்லை. ஆனால் கணவரும் அதுதான் சரி என்கிறார். கவுன்சிலுக்கான கடிதத்தை இந்த வார இறுதியில் எழுதுகிறோம். பப்காரரும் தன் குத்தகைக் கதையைத் தனியாக எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். இந்தப் பக்கம் குடியிருக்கிற தமிழர்கள் யாராவது கூடக் கையெழுத்துப் போட விரும்பினால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள்.

ஒலியளவி:

அறிக்கை வந்ததும் 63, 125 ஹெர்ட்ஸ் அட்டவணை உள்ள பக்கத்தையும் ஜன்னல் விவரம் உள்ள பக்கத்தையும் மட்டும் படம் எடுத்து அனுப்புங்கள், பெயர்களை மறைத்துவிட்டு. பார்த்துச் சொல்கிறேன். கடிதத்துக்கு என் கையெழுத்தும் உண்டு.